மேனுகாவின் நிலவும் இராசமலரின் வியாழனும்

வியாழனைச் சுற்றுகிற நிலவொன்று வெடித்துவிட்டதாம். உள்ளுக்குள் ஒளிந்து கிடந்த கடல் வெடிப்பு வழியே பீறிட்டுக்கொண்டு நிற்கிறதாம். இதை அயல்வீட்டு விமலேஸ்வரி தானாகக் கண்டுபிடிக்கவில்லை. பரந்தன் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போன இடத்தில் கத்தரிக்காய்க்காரி சொன்னாள். கத்தரிக்காய்க்காரிக்கு அவளுடைய மருமகன் சொன்னானாம். மருமகனுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

"சந்தையில கடலையும் முடிஞ்சு போச்சு, இராசமலரக்கா. எல்லாரும் குருபகவானுக்கு மாலை கட்டப் போகினம்," என்று படலைக்கு வெளியே நின்றபடியே விமலேஸ்வரி சொல்லி முடித்தாள்.

இராசமலரின் மகள் மேனுகா அப்போதுதான் கிளிநொச்சியில் கந்தோர் வேலை முடிந்து வந்து, ஸ்கூட்டியை முற்றத்தில் விட்டு ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், அந்தக் கிழமை முழுவதிலும் அவள் சிரித்த ஒரே சிரிப்பு அதுதான்.

"வெடிக்கேல்லை, விமலாக்கா. அது பனிக்கட்டியால மூடின நிலவு. வியாழன் இழுக்கிற இழுவையில அந்தப் பனியில கீறல் விழுகிறது. இண்டைக்கு நேற்றில்லை, மனிசர் உண்டாக முதலே உதுதான் நடக்குது."

"அப்ப வெடிப்பு இருக்குத்தானே?"

"கீறல்."

"கீறலெண்டாலும் பழுதான சாமான்தானே, பிள்ளை?"

"தண்ணி பீறுறது உறுதியாத் தெரிஞ்சது இதில இல்லை. அது சனியின்ர நிலவொண்டில."

விமலேஸ்வரி நெஞ்சில் கையை வைத்தாள். "சனியிலயுமோ!"

வாயைக் கொடுத்து மாட்டுவது என்றால் இதுதான். இருட்ட முதல் உருத்திரபுரத்தின் பாதிக்குச் சனியும் வெடித்துவிட்ட செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். அதைச் சொன்னது பல்கலைக்கழகம் போய்ப் படித்த இராசமலரின் மகள் என்பதும் கூடவே போயிருக்கும்.

வழமையாக விமலேஸ்வரியைப் படலையோடு அனுப்பிவிடுகிற இராசமலர், அன்று "வாவன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று உள்ளே கூப்பிட்டாள். மேனுகா அப்போதே உசாராகியிருக்க வேண்டும். அவள் போய் முகம் கழுவினாள்.

இராசமலருக்கு வியாழனில் என்ன அக்கறை என்பதைச் சொல்லாமல் மேற்கொண்டு போக முடியாது.

மேனுகாவுக்கு முப்பத்திரண்டு வயது. இடம்பெயர்வுகளுக்கு நடுவே மரத்தடிகளிலும் கொட்டில்களிலும் படித்து, கடைசிச் சண்டையோடு தகப்பன் வீரகத்தியை இழந்து, அகதி முகாம் வாழ்க்கைக்குப் பிறகும் விடாமல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் போய்ப் பௌதிகவியலை ஆங்கிலத்தில் படித்து வந்தவள். வேலை கிடைத்தது அபிவிருத்தி உத்தியோகத்தராக. எதை அபிவிருத்தி செய்கிறாய் என்று யாரும் கேட்டால் அவளுக்குக் கோபம் வரும், ஏனென்றால் அவளுக்கே தெரியாது. படித்த பௌதிகம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளியே வரும். ரொறன்ரோவில் இருக்கிற தம்பி கிருசாந்தன் விண்வெளி பற்றி யூடியூப்பில் தமிழ்ச் சனல் ஒன்று நடத்துகிறான். எழுதுவதும் படம் ஒட்டுவதும் அவன். குரல் இவளுடையது. கோழியும் ட்ரக்டரும் குறுக்கே கத்தாமலிருக்க, அலுமாரிக் கதவைத் திறந்து, தொங்குகிற சேலைகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு அவள் வாசிப்பாள். பிரபஞ்சத்தின் கதை முழுவதும் அவளுடைய கலியாணச் சேலைக்குப் பக்கத்தில் நின்றுதான் சொல்லப்பட்டது.

கலியாணம் வைகாசியில். மாப்பிள்ளை சாருஜன், விவசாயப் போதனாசிரியர். குணத்தில் குறை சொல்ல முடியாது, உத்தியோகத்திலும் முடியாது. இராசமலருக்குக் குறை வேறிடத்தில் இருந்தது. சாருஜனின் தாய் தகப்பன் எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து, பிறகு ஜெயபுரத்தில் காணி கிடைத்துக் குடியேறியவர்கள். "எங்கட ஆக்கள் சாவகச்சேரியால வந்து இஞ்ச காடு வெட்டினவை" என்று இராசமலர் அடிக்கடி தொடங்குவாள். அவர்களும்தான் காடு வெட்டினவர்கள் என்று மேனுகா முடிப்பாள். அதோடு இரண்டு பேரும் இரண்டு நாள் கதைக்கமாட்டார்கள்.

கடைசியில் இராசமலர் சாத்திரியாரை நம்பினாள். சாதகக் குறிப்புப் பொருந்தாது, தன் வாயால் எதுவும் சொல்ல வேண்டி வராது என்பது அவளுடைய கணக்கு. சாத்திரியாரோ இப்படியொரு பொருத்தம் லேசில் அமையாது என்றார். பெண்ணுக்கு வியாழ பலன் இப்போது நல்லாயிருக்கிறது, வைகாசி முடிவில் வியாழன் மாறுகிறது, அதற்கு முதல் முடித்துவிடுங்கள், விட்டால் அடுத்த வருசமும் நல்ல பலன் இல்லை என்றும் சொல்லிவிட்டார். இராசமலர் காசைக் கொடுத்துவிட்டு மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தான் கூட்டிக்கொண்டு போன சாட்சியே எதிர்ப்பக்கம் பேசினால் எப்படியிருக்கும், அப்படி.

இப்போது அந்த வியாழனிலேயே பழுது என்றால்?

அன்றிரவுச் சாப்பாட்டின் பிறகு குடும்ப வட்ஸ்அப்பில் ஒரு வீடியோத் துண்டு வந்தது. மஞ்சள் பட்டுடுத்திய குருபகவான் படம், பின்னால் இடிமுழக்கம். அதற்கு மேலே தெளிவான, நிறுத்தி நிதானமான ஒரு பெண் குரல்: "வியாழனின் பிடியில் அகப்பட்ட இந்த நிலவு ஓயாமல் இழுபட்டு, நசுங்கி, வெடிக்கிறது. இதற்குத் தப்பவே முடியாது."

மேனுகா துண்டைத் திரும்பவும் போட்டாள். அது அவளுடைய குரல்.

"உன்ர குரல் மாதிரிக் கிடக்கு," என்றாள் இராசமலர், ஒன்றுமறியாதவளைப் போல.

மேனுகா ரொறன்ரோவுக்கு அடித்தாள். கிருசாந்தன் முதல் மணியிலேயே எடுத்தான். இலங்கையிலிருந்து எந்நேரம் கோல் வந்தாலும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைப்பது அவன் வழக்கம்.

"அக்கா! அம்மாக்கு என்ன? வெள்ளமோ? ஆமிக்காரர் ஆரும் வீட்டுக்கு வந்து விசாரிச்சவையோ?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. நீ உந்த வீடியோவை என்னடா செய்து வைச்சிருக்கிறாய்?"

"ஓ, அந்தச் சின்னத் துண்டோ? அது நல்லா ஓடுது அக்கா. ஆரோ எடுத்துச் சாமிப் படம் ஒட்டிட்டாங்கள். அதுக்கு நான் என்ன செய்ய?"

"நான் வாசிச்சதின்ர கடைசிப் பகுதி எங்க?"

"முழுசும் சனலில கிடக்கு, துண்டில அதை வெட்டினனான். நீளமெண்டால் சனம் பாக்காது. அதோட அது கொஞ்சம் போரிங்."

"அந்தப் போரிங்கிலதான்டா கதையே கிடக்கு! இழுபடுறதாலதான் உள்ளுக்குச் சூடு வருது, சூடு வாறதாலதான் கடல் உறையாமல் கிடக்கு எண்டு சொன்னனான். நீ அதை எடுத்தெறிஞ்சுபோட்டு இடியைப் போட்டிருக்கிறாய். காத்தே இல்லாத இடத்தில எங்கயடா இடி இடிக்கும்?"

"அந்தச் சத்தம் சும்மா கிடைச்சது, அக்கா."

"சும்மா கிடைச்சா?"

"நீ கத்தாத, உனக்குப் பிரஷர் வந்திடும். கலியாணத்துக்கு நான் ரிக்கெற் போட்டிட்டன். கலியாணம் நடக்கும்தானே?"

மேனுகா ஃபோனை வைத்துவிட்டாள். தூரத்தில் இருக்கிறவர்களுக்குப் பயப்படத் தெரிகிற அளவுக்கு யோசிக்கத் தெரிவதில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு, வேலிக்கு வாங்கி வைத்திருந்த கட்டுக்கம்பியில் ஒரு முழம் முறித்துக்கொண்டு குசினிக்குள் வந்தாள். இராசமலர் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இஞ்ச பாருங்கோ. குறடு இல்லாட்டிக் கம்பியை எப்பிடி முறிக்கிறனீங்கள்? இப்பிடி வளைச்சு வளைச்சுத்தானே? தொட்டுப் பாருங்கோ."

இராசமலர் ஈரக்கையால் தொட்டாள். "சுடுகுது."

"நெருப்பில பிடிச்சனானோ? இல்லை. வளையிறதாலேயே சூடு வருது. அந்த நிலவு வியாழனுக்குக் கிட்டப் போகேக்க கூட இழுபட்டு நீளுது, எட்ட வரேக்க தளருது. கிட்டவிருக்கிற பக்கத்துக்கு இழுவை கூட, மற்றப் பக்கத்துக்குக் குறைவு, அதாலதான் நீளுது. பக்கத்து நிலவுகள் ரெண்டும் அதை வட்டமாச் சுத்த விடுறேல்லை. அதால நீளுறதும் தளருறதும் நிக்கிறதேயில்லை. பூநகரிக் களப்பில கடல்தண்ணி பெருகி வத்துறது எங்கட சந்திரன் இழுக்கிறதாலதானே? அங்க தண்ணி மட்டுமில்லை, முழு நிலவுமே பெருகி வத்துது. அந்தச் சூட்டிலதான் பனிக்குக் கீழ ஒரு கடல் உறையாமல் கிடக்கு. எங்கட பூமியில இருக்கிற கடல் எல்லாத்தையும் விடக் கூடத் தண்ணி. இப்ப ஒரு விண்கலம் அங்க போய்க்கொண்டிருக்கு. ஆபத்தில்லையம்மா, அதிசயம்!"

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மேனுகா தாயின் முகத்தைப் பார்த்தாள். இராசமலர் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வளைச்சு வளைச்சுக் கடைசியில கம்பி முறியும்தானே?" என்றாள்.

"அம்மா, நிலவு முறியாது!"

"நீதானே கம்பி மாதிரி எண்டு சொன்னனீ."

"சூட்டுக்குச் சொன்னனான்!"

"எனக்கென்னவோ வியாழன் சரியில்லை எண்டுதான் படுகுது. கலியாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்பம்."

"எல்லாற்ற கலியாணமும் இந்த வியாழனை வைச்சுத்தானம்மா நடந்தது. உங்கட கலியாணமும்தான். அப்பவும் அந்தக் கீறல் இருந்தது."

"அதுதான் என்ர வாழ்க்கை இப்பிடி," என்று இராசமலர் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

மேனுகாவுக்குக் கம்பியை எறிய வேண்டும் போலிருந்தது. தாய்க்கு விளங்காமலில்லை. விளங்கியும் வேண்டாமென்கிறாள். தள்ளி வைத்தால் வியாழன் மாறும், வியாழன் மாறினால் பலன் இல்லை, பலன் இல்லையென்றால் கலியாணம் இல்லை. ஒரு வார்த்தையும் பொல்லாததாய்ச் சொல்லாமல், பழியை ஆகாயத்தில் போட்டுவிட்டுக் காரியத்தை முடித்துவிடலாம். பௌதிகம் படித்து மகள் செய்யாத கெட்டித்தனத்தைத் தாய் படிக்காமலே செய்கிறாள்.

விடிந்தது சனிக்கிழமை. சாருஜன் வழமையாகக் காலையில் ஒரு செய்தி அனுப்புவான், பெரும்பாலும் ஏதாவது பகிடி. போன கிழமை, "அலுமாரிக்குள்ள இருந்து எப்ப வெளிய வாறீர்?" என்று அனுப்பியிருந்தான். அன்று ஒன்றும் வரவில்லை. இவள் அனுப்பியதைப் பார்த்திருக்கிறான், பதில் இல்லை. அடித்தாள், எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தாள். பிறகு பொறுக்க மாட்டாமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். படலையடியில் இராசமலர் "வெய்யிலுக்குள்ள எங்க போறாய்?" என்று கேட்டாளே தவிர மறிக்கவில்லை. அதுவும் மேனுகாவுக்கு நல்லதாய்ப் படவில்லை.

அக்கராயன் தாண்டும்வரை தெரு பரவாயில்லை. அதன் பிறகு தெரு என்று சொல்லத் தெருவுக்கே வெட்கமாயிருக்கும். வயலெல்லாம் வெட்டி முடிந்து அரிதாளாய்க் கிடந்தது. குண்டும் குழியும் தூக்கிப்போட்ட ஒவ்வொரு முறையும் சாருஜனின் தாய் பேச்சியம்மாவுக்குச் சொல்ல வேண்டியதை மேனுகா மனதுக்குள் முதலிலிருந்து தொடங்கினாள். ஜெயபுரத்துக்குப் போய்ச் சேருகிறபோது கையும் நோவு, இடுப்பும் நோவு. இழுபடுகிற நிலவுக்கு ஒரு கடலாவது மிஞ்சுகிறது, எனக்கு மிஞ்சுகிறது தலையிடி என்று நினைத்துக்கொண்டு இறங்கினாள்.

முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்த சாருஜனின் தகப்பன் கணபதி இவளைக் கண்டதும் எழுந்து வயல் பக்கமாகப் போய்விட்டார். பேச்சியம்மா வாசலுக்கு வந்தாள்.

"வாங்க," என்றாள். "ஒக்காருங்க."

முதல் நாளிலிருந்தே "வா புள்ள" என்கிறவள் பேச்சியம்மா. இந்த மரியாதை ஓர் அறை மாதிரி விழுந்தது. மேனுகா கதிரையின் நுனியில் இருந்தாள்.

"மாமி, சாருஜன் ஃபோன் எடுக்கிறாரில்லை."

"காலைலேயே பைக்க எடுத்துக்கிட்டு போயிட்டான். எங்கன்னு சொல்லல." பேச்சியம்மா நின்றுகொண்டே பேசினாள். "ஒங்கம்மா விடியங்காட்டி கோல் எடுத்தாங்க. கல்யாணத்த தள்ளி வைப்போம்னாங்க. வியாழன் சரியில்லையாம். நா ஏங்கன்னு கேட்டேன். படிச்ச புள்ள மேனுகாவே சொல்றா, நீங்களே கேட்டுக்குங்கன்னு ஒரு ரெக்கோடிங்கும் அனுப்பினாங்க."

மேனுகா நிமிர்ந்து பேச்சியம்மாவைப் பார்த்தாள்.

"நான் சொன்னனான் எண்டோ சொன்னவா?"

"ஒங்க கொரலுதானே? மொதல்ல சாருஜன் நம்பல. அவங்க அம்மா ஏதோ சொல்றாங்க, மேனுகா அப்பிடிச் சொல்லமாட்டான்னான். அப்புறம் அதத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். தப்பவே முடியாதுன்னு ஒரு எடத்துல வருதுல்ல, அதையே கேட்டான். அதோட எந்திரிச்சுப் போயிட்டான்." பேச்சியம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "நாங்க தோட்டத்துலேருந்து வந்தவங்கதான். வேணாங்கிறத வெளங்கிக்காத அளவுக்கு ஒண்ணும் இல்ல. வேணாம்னா வேணாம்னே சொல்லியிருக்கலாம். நடுவுல நெலாவ எதுக்கும்மா இழுக்கணும்?"

"மாமி, அந்த நிலவைப் பற்றித்தான் நான் வாசிச்சனான். சாத்திரத்தைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லேல்லை. என்ர தம்பி பாதியை வெட்டினவன், பிறகு ஆரோ மிச்சத்தையும் வெட்டிச் சாமிப் படம் போட்டிருக்கினம்."

"வெட்டினவங்க எல்லாரும் வேற ஆளுங்க. பேசினது நீங்க."

மேனுகா ஃபோனை எடுத்துத் தாய்க்கு அடித்தாள். பேச்சியம்மா நாகரிகமாக அடுப்படிக்குள் போனாள், ஆனால் சட்டிபானைச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

"அம்மா, வியாழன் சரியில்லையெண்டு நான் எங்க சொன்னனான்?"

"உன்ர குரல்தானே, பிள்ளை."

"ராத்திரி அவ்வளவு நேரம் கம்பியை வைச்சுக்கொண்டு சொன்னது ஆற்ற குரல்?"

"எனக்கு உந்தப் பௌதிகம் விளங்காது."

"வியாழனை விடுங்கோ அம்மா. அது தன்ர பாட்டில கிடக்கு. உங்களுக்கு இவையைப் பிடிக்கேல்லை. அதை ஒருக்கா வாயைத் திறந்து சொல்லுங்கோ. சொன்னீங்களெண்டால் நானும் வாயைத் திறந்து மறுமொழி சொல்லுறன். என்ர குரலை ஏன் களவெடுக்கிறியள்?"

மறுபக்கத்தில் கோழி கேறுகிற சத்தம் கேட்டது.

"உலை கொதிக்குது. வைக்கிறன்."

"வைகாசியில கலியாணம் நடக்கும். நீங்கள் முன்னுக்கு நிண்டு நடத்தினாலும் நடக்கும், நடத்தாட்டிலும் நடக்கும்."

இதில் எவ்வளவு தாயின் காதில் விழுந்தது, எவ்வளவு வெறும் ஃபோனுக்குச் சொன்னது என்று மேனுகாவுக்குத் தெரியவில்லை. கோல் எப்போதோ துண்டாகியிருந்தது.

பேச்சியம்மா பிளேன்ரீயோடு வந்தாள். இஞ்சி போட்டிருந்தாள். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, முதன்முறையாக எதிரே உட்கார்ந்தாள்.

"வெட்டாத படம் இருக்கா?"

மேனுகா தேடி எடுத்துக் கொடுத்தாள். சனலில் கிடந்த அந்த நீள வீடியோவை மிகச் சொற்பப் பேரே பார்த்திருந்தார்கள். பேச்சியம்மா கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். சேலைகளுக்குள்ளிருந்து வந்த குரல் அந்த வீட்டுக்குள் நிறைந்தது: இந்த இழுபறி நின்றால் அந்த நிலவு குளிர்ந்து, கடலும் மெல்ல மெல்ல உறைந்துபோகும். வெளியே கீறல் விழுந்த அந்த ஓட்டுக்குக் கீழே உயிர்கள் இருக்குமா என்று தேடத்தான் போகிறோம்.

"முழுசா கேட்டா நல்லாத்தான் இருக்கு," என்றாள் பேச்சியம்மா. "இத நம்ம புள்ள கேட்டிருக்கானா?"

"இதை வாசிச்ச நேரம் அவர் ஃபோனில இருந்தவர், மாமி. சிரிச்சுக் குழப்பினபடியால் திரும்பவும் வாசிக்க வேண்டி வந்தது."

"அப்ப அவனுக்குத் தெரியும்."

"தெரியும். தெரிஞ்சுகொண்டும் எடுக்கிறாரில்லையே, அதுதான் எனக்கு விசரா வருது."

"ஒங்கம்மா சொன்ன ஒரு வார்த்தைக்கு அவன் எந்திரிச்சுப் போகல, புள்ள. சின்ன வயசுலேருந்து ஒவ்வொருத்தரும் சொன்னது, எல்லாம் சேந்துருச்சு." புள்ள என்று வந்ததைப் பேச்சியம்மா தானே கவனித்ததாகத் தெரியவில்லை. "எடு. திரும்ப எடு."

மேனுகா அடித்தாள். மணி போனது. தேத்தண்ணியில் ஆவி அடங்கிக்கொண்டு வந்தது. நடுவில் திரை மாறி ரொறன்ரோ இலக்கம் மின்னியது. யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்கத்தான் இருக்கும். "இவன் வேற!" என்று அதை வெட்டினாள். சாருஜனுக்குப் போய்க்கொண்டிருந்த கோல் திரும்பவும் திரைக்கு வந்தது, ஃபோனைக் காதில் வைத்தாள். பேச்சியம்மா கோப்பையை அவள் பக்கமாகத் தள்ளி வைத்தாள், ஆறப்போகிறது என்பது போல. மேனுகா தலையை ஆட்டிவிட்டு, காதிலிருந்து ஃபோனை எடுக்காமலே எழுந்து வாசலுக்கு வந்து, வயல் பக்கத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மணி இன்னும் போய்க்கொண்டிருந்தது.